எந்த மரம் என்று கேட்கத் தொடங்குவோம்

"மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்" என்று பள்ளிக்கூடச் சுவரிலும் தாலுகா ஆபீஸ் சுவரிலும் படித்து வளர்ந்த தலைமுறை நாம். எந்த மரம் என்று அந்தச் சுவர் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை. வேம்போ, புங்கனோ, தைலமரமோ, எல்லாம் மரம்தானே! குமாவோன் மலைப்பக்கம் வேலைக்கு வந்து ஐந்து கோடைகளைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது, "எந்த மரம்?" என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்று. ஒரு மலை எரியுமா, எவ்வளவு வேகமாக எரியும், எரிந்த பிறகு அங்கே என்ன முளைக்கும் என்பதையெல்லாம் பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான பதில்தான் தீர்மானிக்கிறது.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுகிறவன். தாவரவியல் படித்தவன் இல்லை. பற்று, வரவு, ஈடு, இன்சூரன்ஸ், வாராக்கடன், இவைதான் எனக்குத் தெரிந்த பாஷை. அதனால் காட்டையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பேன். டில்லி, நொய்டா, டேராடூன், ஹல்துவானி என்று இந்தப் பக்கம் குடியேறியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் மே மாத லீவு விட்டதும் நைனிதாலுக்கும் முக்தேஷ்வருக்கும் ஓடி வருகிறீர்கள். ஊரிலிருந்து மாமனார் மாமியாரையும் கூட்டி வருகிறீர்கள். சிலர் மலையில் மனை வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். ஆகையால் இது உங்கள் விஷயமும்தான்.

இரண்டு மரங்கள்

உத்தராகண்டின் நடு உயர மலைகளில் முக்கியமாக இரண்டு மரங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று பைன். இமயமலையில் இருக்கும் பல பைன்களில் இது 'சீர் பைன்' எனப்படும் வகை. உள்ளூரில் 'சீட்' என்பார்கள். (நம்ம ஊர் சீட்டுக் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இரண்டிலும் கடைசியில் புகைதான் மிச்சம் என்று என் நண்பர் சொல்வார்.) இதன் அறிவியல் பெயரில் இருக்கும் ராக்ஸ்பர்க், கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் போவதற்கு முன் நம் மதராஸ் மாகாணத்தில் கம்பெனி மருத்துவராக இருந்தவர். இந்த மரத்தின் இலை ஊசி மாதிரி, மூன்று மூன்றாகக் கொத்தாக இருக்கும். ஒவ்வொரு ஊசியும் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். காய்ந்து உதிர்ந்த ஊசிக்கு இங்கே 'பிரூல்' என்று தனிப்பெயரே உண்டு.

இன்னொன்று பாஞ்ச். இது ஓக் வகை. வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும். இலையின் மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் வெள்ளை. காற்றடித்தால் மரமே நிறம் மாறுகிற மாதிரித் தெரியும். பாஞ்ச் காட்டுக்குள் சிவப்புப் பூ பூக்கும் புராஸ் இருக்கும், காபல் பழமரம் இருக்கும், தரையில் பாசி, பெரணி இருக்கும். பெரும்பாலும் அதன் கீழே எங்காவது ஒரு ஊற்று இருக்கும். கல் கட்டி மேலே கூரை போட்டு வைத்த அந்த ஊற்றுக் கிணற்றுக்கு 'நௌலா' என்று பெயர். நௌலா வற்றாமல் இருக்க பாஞ்ச் வேண்டும் என்று எந்தக் கிராமத்துப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வாள்.

தீ எப்படி ஓடுகிறது

விறகடுப்பு மூட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அம்மா முதலில் எதை வைப்பாள்? காய்ந்த தென்னோலை, பன்னாடை. கட்டையைக் கடைசியில்தான் வைப்பாள். ஈர விறகு வந்துவிட்டால் அன்றைக்கு வீடெல்லாம் புகை, வாயெல்லாம் திட்டு. மெல்லியது சீக்கிரம் பற்றும். காற்றுப் புகுந்தால் வேகமாக எரியும். ஈரம் இருந்தால் எரியாது. எண்ணெய்ப் பசை இருந்தால் கேட்கவே வேண்டாம். காட்டுத்தீயின் பாடமும் இந்த நாலு வரிதான்.

பைன் ஊசிக்கு இந்த நாலும் சாதகம். மெல்லிசு. நீளமான ஊசிகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக விழுவதால் நடுவில் நிறைய காற்று. பிசின் இருப்பதால் எண்ணெய்ப் பசை. உதிரும் காலமோ மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை, அதாவது வெயில் உச்சத்தில் இருக்கும்போது. வனத்துறை பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரையிலான நான்கு மாதத்தைத் தீக்காலம் என்று குறித்து வைத்திருக்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்து மலை முழுக்க இந்த மெத்தை விரிந்துவிடும். சீக்கிரம் மக்கவும் செய்யாது. போன வருஷத்து ஊசியின் மேல் இந்த வருஷத்து ஊசி விழும்.

பாஞ்ச் இலையும் கோடையை ஒட்டித்தான் உதிர்கிறது. ஆனால் அது அகலமான இலை. தரையோடு படிந்து அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்ளும். நடுவில் காற்றுக்கு இடம் குறைவு. மேலே அடர்ந்த நிழல், கீழே மக்கிய மண், ஈரம். அங்கே தீ வந்தால் தவழும், பல இடங்களில் தானே அணைந்துபோகும். ஒரே தீக்குச்சி, ஒரே மலை. விழுகிற இடத்தைப் பொறுத்து ஒரு இடத்தில் செய்தி, இன்னொரு இடத்தில் வெறும் கரும்புள்ளி.

இதோடு சரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சமதரையில் தீ ஓடுவது வேறு, மலைச்சரிவில் மேல்நோக்கி ஓடுவது வேறு. ஜுவாலை தனக்கு மேலே இருக்கும் சருகை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடும். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்பது தீயணைப்புக்காரர்களின் பொதுக் கணக்கு. "மேலே போகிற தீதானே, கீழே இருப்பவர்களுக்கு என்ன?" என்று நினைத்தால் அதற்கும் பைன் வழி வைத்திருக்கிறது. பற்றிக்கொண்ட பைன் காய்கள் உருண்டு கீழே போய், பாதையைத் தாண்டி, அங்கே புதிதாக ஒரு தீயை மூட்டும். அணைக்கப் போனவர்கள் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். நெருப்புக்கு மேலேயும் நிற்க முடியாது, கீழேயும் நிற்க முடியாது.

இன்னொன்று, பிசின். பைன் மரத்தின் அடியில் பட்டையைச் சீவி, கிண்ணம் கட்டி, பிசின் வடிப்பார்கள். நம்ம ஊர் ரப்பர் தோட்டம் மாதிரி. டர்பன்டைன் இதிலிருந்துதான் வருகிறது. மாநிலத்துக்கு வருமானம், மலைக்காரர்களுக்குக் கூலி, எல்லாம் சரி. ஆனால் சீவிய காயத்தில் பிசின் உறைந்து நிற்கும். தரையில் ஓடும் தீ சாதாரணமாகப் பெரிய பைன் மரத்தை ஒன்றும் செய்யாது. காயம் பட்ட மரத்தில் மட்டும் அந்தக் காயம் வழியாக உள்ளே புகுந்துவிடும். பிறகு ஒரு காற்றடித்தால் மரம் சாயும்.

எரிந்தால் யாருக்கு லாபம்?

எந்த நஷ்டத்தைப் பார்த்தாலும் "இதில் யாருக்கு லாபம்?" என்று கேட்பது எங்கள் தொழில் புத்தி. காட்டுத்தீயில் லாபம் பார்ப்பது பெரும்பாலும் பைன் மரமே.

வளர்ந்த பைனின் பட்டை தடிமன். தரையில் ஓடும் தீ அதைச் சுட்டுவிட்டுப் போகும், கொல்லாது. இளங்கன்று எரிந்தாலும் அடியிலிருந்து மறுபடி தளிர்க்கிற திறமை பைன் இனத்தில் சிலவற்றுக்கே உண்டு. சீர் பைன் அதில் ஒன்று. தீ ஓடி முடிந்த வெற்று மண்ணில் பைன் விதை சுலபமாக முளைக்கும். ஆனால் அதே தீயில் பாஞ்ச் கன்றும் காபல் கன்றும் கருகிவிடும். பாஞ்சும் வெட்டினாலோ எரிந்தாலோ அடியிலிருந்து துளிர்க்கக் கூடியதுதான். ஆனால் வருஷா வருஷம் தீ, நடுவில் ஆடு மாடு, மேலே தழைக்காக வெட்டும் அரிவாள் என்று மூன்று பக்கமும் அடி விழுந்தால் எத்தனை முறைதான் எழும்?

ஆக, பைன் தீக்கு வழிவிடுகிறது, தீ பைனுக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறது. வட்டிக்கு வட்டி போல இது வளர்கிறது. ஒரு தடவை எரிந்த சரிவு அடுத்த தடவை இன்னும் சுலபமாக எரியும். உத்தராகண்டின் காட்டுப் பரப்பில் சுமார் ஆறில் ஒரு பங்கு பைன் என்று சொல்கிறார்கள். பங்கு அவ்வளவுதான். ஆனால் கோடையில் செய்தியாகும் தீயில் அதன் பங்கு அதற்கு மேல்.

1921-ல் ஜனங்களுக்குத் தெரிந்தது

இது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. வெள்ளைக்காரர்களுக்குப் பைன் வேண்டியிருந்தது. ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கட்டை, பிசின், டர்பன்டைன். 1911-க்கும் 1917-க்கும் இடையில் குமாவோன் காடுகளைப் பெரிய அளவில் அரசுக் காடாக்கிப் பூட்டினார்கள். 1921 ஜனவரியில் பாகேஷ்வர் திருவிழாவில் ஜனங்கள் கூலியில்லா வேலைக்கு எதிராக எழுந்தார்கள். அந்தக் கோடையில் காடுகள் பற்றி எரிந்தன. அதைப் பற்றி விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா கவனித்துச் சொல்லும் விஷயம், எரிந்தது அரசாங்கத்துக்கு லாபம் தந்த பைன் காடுகள், அகன்ற இலைக் காடுகள் தப்பின என்பது. ஜனங்கள் பார்த்துத்தான் வைத்தார்கள் என்பது அவர் வாதம். பாஞ்ச் எரியச் சம்மதிக்கவில்லை என்பதும் கூடச் சேர்ந்திருக்கலாம் என்பது என் எண்ணம். எப்படியிருந்தாலும், நூறு வருஷத்துக்கு முன் மலையில் வாழ்ந்தவர்கள் "காடு" என்று பொத்தாம் பொதுவாகப் பார்க்கவில்லை. எந்த மரம் தனக்கு, எந்த மரம் சர்க்காருக்கு என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

அந்தத் தகராறின் விளைவாக ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1931-ல் வன பஞ்சாயத்து விதிகள் வந்தன. கிராமமே தன் காட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. இன்று மாநிலத்தில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் இருக்கின்றன.

பைனை மட்டும் வில்லனாக்கலாமா?

கூடாது. எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது, சீர் பைன் வந்தேறி இல்லை. இமயமலையின் சொந்த மரம். வெயில் விழும் தெற்குச் சரிவில், மண் மெலிந்த இடத்தில், பாஞ்ச் நிற்காத இடத்தில் அது நிற்கும். அதையும் வெட்டிவிட்டால் அங்கே மிஞ்சுவது மண்சரிவு.

இரண்டாவது, எந்த மரமும் தானே தீக்குச்சி கிழிப்பதில்லை. இங்கே ஏறக்குறைய எல்லாத் தீயும் மனிதன் மூட்டியது. வயல் வரப்பில் குப்பை எரித்தது, புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்தது, பீடித் துண்டு, சுற்றுலா வந்தவர்கள் விட்டுப்போன அடுப்பு. தீயைத் தொடங்குவது மனிதன். அது போகும் தூரத்தையும் வேகத்தையும் அங்கே நிற்கும் செடி கொடி நிர்ணயிக்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்வி.

மூன்றாவது, பாஞ்ச் குறைந்ததற்குப் பைன் மட்டும் காரணம் இல்லை. விறகு, கரி, மாட்டுத் தழை என்று மனிதன் வெட்டித் தீர்த்ததும் உண்டு.

நாலாவது, மழையே இல்லாத வருஷத்தில் பாஞ்சும் எரியும். குளிர்கால மழை பொய்த்த 2016-ல் 4,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. விமானப்படை ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியிலிருந்து தண்ணீர் அள்ளிக் கொட்டியது. 2024 ஏப்ரலிலும் அதே காட்சி. அதே வருஷம் ஜூன் 13-ம் தேதி பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கப் போன வனப் பணியாளர்கள் நான்கு பேர் இறந்தார்கள். படுகாயம் அடைந்தவர்களால் சாவு எண்ணிக்கை பின்னர் கூடியது. பின்சர் பாஞ்சுக்கும் புராஸுக்கும் பெயர்போன இடம். ஆனால் அதன் கீழ்ச்சரிவுகளில் பைன். கீழே பைன் இருந்தால் மேலே இருப்பதற்கும் பாதுகாப்பு இல்லை. நல்ல கடனும் கெட்ட கடனும் ஒரே கிளையில் இருந்தால் கெட்டது நல்லதையும் இழுத்துக்கொண்டு போகும் இல்லையா, அந்த மாதிரி.

நம்ம மலைகளிலும் இதே கதைதான்

"அது இமயமலை, நமக்கென்ன" என்று நினைக்க வேண்டாம். என் சொந்த ஊர் போடி பக்கம். 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணியில் மலையேறப் போன பிள்ளைகள் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க முடியுமா? அங்கே பைன் இல்லை. செங்குத்தான சரிவில் காய்ந்த புல். மரக்காட்டை விடப் புல்லில் தீ வேகமாக ஓடும், காற்று திரும்பினால் அதுவும் திரும்பும். மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது.

அதே மேற்குத் தொடர்ச்சி மலையில் சோலைக்காடு என்று ஒன்று இருக்கிறது. நீலகிரி, பழனி மலை உச்சிகளில் மடிப்பு மடிப்பாகப் புல்வெளியும் சோலையும் கலந்து இருக்கும். புல்வெளியில் ஓடி வரும் தீ சோலையின் ஓரத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். உள்ளே ஈரம், நிழல், பாசி. இங்கே பாஞ்ச் செய்கிற வேலையை அங்கே சோலை செய்கிறது. குமாவோனில் புராஸ் என்கிறார்களே, அந்த ரோடோடெண்ட்ரான் மரத்தின் நெருங்கிய உறவு நீலகிரியிலும் இருக்கிறது. இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரே குடும்பம். நம்மை மாதிரி :-)

அந்தப் புல்வெளிகளில் வெள்ளைக்காரன் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பிறகும் தைலமரம், சீகை, வெளிநாட்டுப் பைன் எல்லாம் நட்டோம். கொடைக்கானலில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் பைன் காடு இயற்கைக் காடு அல்ல, நட்ட தோட்டம். சீகையின் விதை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் காத்திருந்து, தீ பட்டதும் கூட்டமாக முளைக்கும். முதுமலை, பந்திப்பூர் பக்கம் உண்ணிச்செடி. தோட்டத்து அழகுக்கு வெளிநாட்டிலிருந்து வந்தது காடு முழுக்கப் பரவிவிட்டது. காய்ந்தால் தரையிலிருக்கும் தீயை மரக்கிளைக்கு ஏற்றிவிடும் ஏணி அது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தபோது எல்லோரும் பேசியது இந்த உண்ணிச்செடியைப் பற்றித்தான். போர்ச்சுகலில் 2017 ஜூனில் தைலமரமும் பைனும் நிறைந்த மலையில் ஒரே தீயில் 66 பேர் செத்தார்கள். நாடு மாறலாம், சட்டம் ஒன்றே.

கணக்கு எங்கே தப்புகிறது

ஒரு கிளையில் மொத்தக் கடன் நூறு கோடி என்று மட்டும் சொன்னால் எந்த ஆடிட்டரும் விடமாட்டார். அதில் ஒழுங்காக வருவது எவ்வளவு, வாராக்கடன் எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்வார். காட்டுக் கணக்கில் மட்டும் நாம் மொத்தத்தோடு திருப்தி அடைகிறோம்.

இந்திய வன அளவைத் துறை (தலைமையகம் டேராடூனில்தான்) 'காட்டுப் பரப்பு' என்று எண்ணுவது, ஒரு ஹெக்டேருக்குக் குறையாமல், பத்து சதவீதமாவது மரத்தலை மூடியிருக்கும் நிலம் எல்லாவற்றையும். என்ன மரம் என்பது அந்த எண்ணில் வராது. அவர்கள் வகைவாரியாகவும் வரைபடம் போடுகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பத்திரிகையில் தலைப்பாக வருவதும், மந்திரி மேடையில் படிப்பதும் அந்த ஒற்றை எண்தான். கன்று நடும் விழாக்களும் அப்படியே. இத்தனை லட்சம் கன்று நட்டோம். எந்தக் கன்று? எத்தனை பிழைத்தது?

அடுத்தது பிரூல் கணக்கு. "எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும்" என்று நம்ம ஊரில் சொல்வார்கள். இங்கே எரிவது பிரூல். அதைத் தீக்காலத்துக்குள் பெருக்கி எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் 2024-க்கு முன் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய்தான் கொடுத்தார்கள். ஊசி எடையே இல்லாத பொருள். செங்குத்துச் சரிவில் காலை வழுக்கிவிடும் பொருள். ஒரு அம்மா நாள் முழுக்கச் சேர்த்து நாற்பது கிலோ சுமந்து வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ரூபாய் வீதம் 120 ரூபாய். 2024-25-ல் இந்த மாநிலத்தில் நூறு நாள் வேலைக் கூலியே 237 ரூபாய். யார் போவார்கள்?

2024 மே மாதம், தீ தலைக்கு மேல் போன பிறகு, கிலோவுக்கு 50 ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்த விலைப்படி அதே நாற்பது கிலோவுக்கு 2,000 ரூபாய். உடனே ஒரு கேள்வி வந்தது: இந்த விலைக்கு வாங்கி என்ன செய்வது? பேரிநாக் பக்கம் அவனி என்ற அமைப்பு பிரூலை வாயுவாக்கி மின்சாரம் எடுத்துக் காட்டியிருக்கிறது. ஆனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் பிரூல் வேண்டும். கிலோ 50 என்றால் மூலப்பொருள் செலவே யூனிட்டுக்கு 50 ரூபாயைத் தாண்டும். கட்டுபடியாகாது என்று கைவிரிப்பார்கள்.

இங்கேதான் ஒரு காமர்ஸ்காரனாக நான் மறுக்கிறேன். செலவைத் தவறான தலைப்பில் எழுதினால் எந்தத் திட்டமும் நஷ்டமாகத்தான் தெரியும். பிரூல் சேர்க்கும் கூலி மின்சாரம் தயாரிக்கும் செலவு அல்ல. அது தீத்தடுப்புச் செலவு. இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி. வீடு எரியாத வருஷத்தில் பிரீமியம் வீண் என்று யாராவது சொல்வார்களா? ஹெலிகாப்டர் பறக்கும் செலவு, வற்றிய ஊற்றுக்குப் பதில் லாரித் தண்ணீர், மருத்துவமனை, போன உயிர், இவற்றையெல்லாம் எதிர்ப்பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு அந்தக் கூலி அதிகமா என்று சொல்லுங்கள். மின்சாரமோ எரிகட்டியோ விற்று வருவது மேல்வரும்படி, அவ்வளவே. நியாயமான கூலியைக் கணக்கிட்டு, பெண்கள் குழுக்களின் கணக்கில் அந்தந்த மாதமே பணம் போட வேண்டும். தாமதமாக வரும் ஐம்பதை விட உடனே வரும் பத்துக்கு மலையில் மரியாதை அதிகம்.

மூன்றாவது, எங்கள் பக்கத்துக் கணக்கு. மலையில் வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றக் கடன் கேட்டு வரும் விண்ணப்பங்களில் 'பைன் வனக் காட்சி' என்பது பெருமையாக எழுதப்படும். நிலத்தின் மதிப்பு, சாலை வசதி, பத்திரம், வில்லங்கம் எல்லாம் கேட்கிறோம். கூரைமேல் எவ்வளவு ஊசி கிடக்கிறது, சுவரிலிருந்து முதல் பைன் மரம் எத்தனை அடி என்று கேட்பதற்குப் படிவத்தில் இடமே இல்லை. பழைய ஸ்டாண்டர்ட் ஃபயர் பாலிசியில் 'புதர்த்தீ' உண்டு, 'காட்டுத்தீ' கிடையாது. அதற்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புதர்த்தீ, காட்டுத்தீ இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. இன்சூரன்ஸ்காரர்கள் புதரையும் காட்டையும் பிரித்துப் பார்த்தார்கள். ஆனால் காட்டுக்குள் பைனையும் பாஞ்சையும் பிரித்துப் பார்க்கவில்லை.

என்ன செய்யலாம்?

என் கருத்தைச் சுருக்கமாக வைக்கிறேன்.

1. காட்டுக் கணக்கும் நடவுக் கணக்கும் இனவாரியாக, தலைப்பிலேயே வரவேண்டும். பைன் இத்தனை, பாஞ்ச் இத்தனை, மூன்று வருஷம் கழித்துப் பிழைத்தது இத்தனை.

2. 1981-லிருந்து 1,000 மீட்டருக்கு மேலே பச்சை மரம் வெட்டத் தடை இருக்கிறது. அதை மொத்தமாக நீக்கு என்று ஒரு கூட்டம் சொல்கிறது. நீக்கினால் லாரி வரும், பைனோடு எல்லாம் போகும். தடை இருக்கட்டும். ஆனால் பாஞ்ச் காட்டுக்குள்ளும், தீத்தடுப்புக் கோடுகளிலும், ஊற்றுக்களைச் சுற்றியும் புகுந்த இளம் பைனை மட்டும் எடுக்க, கண்காணிப்போடு, வன பஞ்சாயத்துக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும்.

3. பாஞ்ச் மெதுவாக வளரும் மரம். நட்டு வளர்ப்பதை விட, இருக்கும் வேரைத் துளிர்க்க விடுவது மலிவு. அல்மோரா பக்கம் சீதலாகேத்தில் பெண்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். வயல் வரப்புக் குப்பையை மார்ச் முடிவதற்குள் எரித்து முடித்துவிடுவது என்று ஊரே கூடித் தீர்மானித்து, அதற்காக ஏப்ரல் 1-ம் தேதியை 'ஓண் தினம்' என்று வைத்துக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் இல்லை, டெண்டர் இல்லை.

4. மலையில் வீடோ மனையோ வைத்திருப்பவர்கள்: வீட்டைச் சுற்றிப் பத்து மீட்டருக்கு ஊசி இல்லாமல் பெருக்குங்கள். கூரையையும் மழைநீர் வாய்க்காலையும் ஏப்ரலில் ஒருதடவை, மே மாதம் ஒருதடவை சுத்தம் செய்யுங்கள். விறகை சுவரோடு அடுக்காதீர்கள். பாலிசியை எடுத்து 'காட்டுத்தீ' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டை விடுதியாக நடத்தினால் அந்தப் பாலிசி செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

5. லீவுக்கு வருகிறவர்கள்: பைன் காட்டுக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். சிகரெட்டைக் காருக்கு வெளியே எறியாதீர்கள். புகை தெரிந்தால் வேடிக்கை பார்க்க மேலே ஏறாதீர்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த மலைக் கிராமங்களிலிருந்து ஆண்பிள்ளைகள் டில்லிக்கும் பம்பாய்க்கும் போய்விட்டார்கள். என் கவுண்டருக்கு வரும் முதிய பெண்களின் பாஸ்புக்கில் மாதம் ஒருமுறை மகன் அனுப்பிய வரவு இருக்கும். தீ வந்தால் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு ஓடுவது அந்தப் பெண்கள்தான். ஊற்று வற்றினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடப்பதும் அவர்கள்தான். பிழைக்கப் போன ஊரிலிருந்து அம்மா எப்படி இருக்கிறாளோ என்று கவலைப்படுவது எப்படி இருக்கும் என்று நம்மை விடத் தெரிந்தவர்கள் யார்?

ஆகவே அடுத்த முறை உங்கள் குடியிருப்புச் சங்கத்திலோ, பிள்ளைகளின் பள்ளியிலோ, அலுவலகத்திலோ மரம் நடும் விழாவுக்குக் கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். போட்டோவுக்கு நிற்கும் முன் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: "இது என்ன மரம், இந்த மண்ணுக்கு இது சரியா?" பதில் தெரியாமல் விழித்தால், கன்றை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். விழா அரை மணி நேரம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

பி.கு.: நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை பக்கத்து நண்பர்கள் யாராவது சோலைக்குள் சீகை புகுந்த கதையைப் பின்னூட்டத்தில் எழுதினால் நன்றாக இருக்கும். பைனைப் பற்றிப் பேச இங்கே ஆள் இருக்கிறது. சீகையைப் பற்றிப் பேச அங்கே இருப்பவர்கள்தான் வேண்டும்.